தேடி வருமாமே ரெசிடென்சி!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கல்வி இணைப்பில் கால்நடை மருத்துவப் படிப்பு பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. முழுக்கவே படித்தேன். அதில் ஒரு வரி: “ஆர்வம் இருந்தால் போதும், இன்டர்ன்ஷிப்பும் ரெசிடென்சியும் தேடி வரும்.” வியாசர்பாடியில் ஒரு சின்ன கிளினிக் வைத்து உட்கார்ந்திருப்பவள் நான். இத்தனை வருடத்தில் என்னைத் தேடி வந்தவை உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்களும் கரன்ட் பில்லும்தான்.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். நம்மூரில் இன்டர்ன்ஷிப் என்பது யாரும் அலைந்து வாங்குகிற சமாச்சாரமே இல்லை. எங்கள் பட்டப்படிப்பான பி.வி.எஸ்சி. ஐந்தரை வருடம். அதில் கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். பண்ணை, ஆஸ்பத்திரி, இறைச்சிக்கூடம், உயிரியல் பூங்கா என்று கல்லூரிக்காரர்களே சுற்றில் போட்டு அனுப்புவார்கள். அதை முடிக்காமல் பட்டமும் கிடையாது, டாக்டராகப் பதிவும் கிடையாது. அமெரிக்காவில் அதே பெயரில் இருப்பது வேறு: பட்டம் வாங்கிய பிறகு, வேண்டுமென்பவர்கள் போட்டி போட்டுப் போகிற ஒரு வருடப் பயிற்சி. அதற்கப்புறம்தான் ரெசிடென்சி, அதாவது ஒரே துறையில் நிபுணர்களின் கீழ் பெறும் பயிற்சி, பெரும்பாலும் மூன்று வருடம். பிறகு அந்தத் துறை நிபுணர்களின் அமைப்பு நடத்தும் ‘போர்டு’ தேர்வில் தேறினால் அறுவை சிகிச்சையிலோ உள்மருத்துவத்திலோ ஸ்பெஷலிஸ்ட். உங்கள் கட்டுரையாளர் நம்மூர் இன்டர்ன்ஷிப்பையும் அந்த ஊர் இன்டர்ன்ஷிப்பையும் ஒன்றாக்கிவிட்டார். அப்படியே படித்துவிட்டு இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று என்னிடம் வந்து, “மேடம், இன்டர்ன்ஷிப் முடிச்சாச்சு, ரெசிடென்சிக்கு எங்க அப்ளை பண்ணணும்?” என்று கேட்கிறது. நான் என்ன சொல்ல?

அமெரிக்காவில் இந்த இடங்களுக்கு ‘மேட்ச்’ என்று ஒரு ஏற்பாடு. எந்தெந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்று விண்ணப்பிப்பவர் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், ஆஸ்பத்திரிகளும் தங்களுக்கு வேண்டியவர்களை வரிசைப்படுத்தும். கம்ப்யூட்டர் இரண்டையும் வைத்து ஜோடி சேர்க்கும். மார்ச் தொடக்கத்தில் முடிவு வரும். சேர்ந்துவிட்டால் போயே ஆக வேண்டும், பின்வாங்க முடியாது. சேராதவர்கள் மிச்சமிருக்கும் இடங்களுக்கு அடித்துப் பிடித்து ஓட வேண்டும். ஆஸ்பத்திரிகள் பார்ப்பது மதிப்பெண், வகுப்பில் எத்தனையாவது ராங்க், சுயகுறிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பரிந்துரைக் கடிதங்கள். அதனால்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கும்போதே சில வாரம் அந்தந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வேலை பார்த்து முகத்தைக் காட்டிவிட்டு வருகிறார்கள். நம்மூர்ப் பட்டத்தோடு போனால் இன்னொரு மலை: அந்த நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரம் நம் கல்லூரிகளுக்கு இல்லாததால், அங்கே டாக்டராக இருக்க ஆங்கிலத் தேர்வு, பாடத் தேர்வு, கடைசியில் பிராணிகளைத் தொட்டுச் செய்து காட்டும் தேர்வு. பல ஆயிரம் டாலர் ஆகும். எங்கள் தெருவில் ஆர்வத்தை டாலராக மாற்றித் தரும் கடை ஒன்றும் இல்லை.

கடிதம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நானும் ஒருமுறை அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போட நினைத்தேன். நான் படித்தது எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. என் பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டேன். நல்ல மனிதர், மறுக்கவில்லை. “நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்” என்றார். அங்கே கடிதத்தை எழுதுபவரே நேராக அனுப்ப வேண்டும், மாணவர் கை வழியாகப் போகக்கூடாது என்பதை அவருக்கு விளக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. விளக்கியிருந்தாலும் என்ன எழுதியிருப்பார்? நான் எத்தனை கருத்தடை ஆபரேஷனில் கூட நின்றேன், ராத்திரி டியூட்டியில் எப்படி முடிவெடுத்தேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை. வகுப்பில் அவருக்கு என் ரோல் நம்பர்தான் தெரியும்.

சரி, வெளிநாடு வேண்டாம், உள்ளூரிலேயே தொழில் கற்கலாம் என்றால் இங்கே அந்த மாதிரிப் போர்டு ரெசிடென்சி கிடையாது. மேல்படிப்பான எம்.வி.எஸ்சி. இருக்கிறது, இரண்டு வருடம், அதில் பெரும்பங்கு தீசிஸுக்குப் போகும். இடமும் கொஞ்சம். கிடைக்காதவர்கள் தனியார் கிளினிக்கில் ‘டிரெய்னி’. அதுவும் விளம்பரம் பார்த்துக் கிடைப்பதில்லை. சீனியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடும். யாராவது ஒரு அண்ணா போன் போட்டுச் சொன்னால் கிடைக்கும். எனக்கும் அப்படித்தான் நகரத்தில் ஒரு கிளினிக்கில் கிடைத்தது. “கத்துக்கறீங்க இல்ல, முதல்ல சம்பளம் எதுக்கு?” என்றார்கள். நகம் வெட்டினேன், காதில் மருந்து விட்டேன், கவுன்டரில் பில் போட்டேன். பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்யும்போது ட்ரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரிந்த சந்தில் எட்டிப் பார்த்துத்தான் கற்றேன். மேல்தோல் தையல் மட்டும் எனக்கு விடுவார். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயை நானே முடிச்சுப் போட்ட அன்று, கட்டிய முடிச்சு நழுவுமோ என்று வயிற்றை மூட மனமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். ரெசிடென்சி என்பது அந்தப் பயம் போகும்வரை பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக் கொடுப்பது. அது தேடி வருமாம்.

எழுத உட்கார்ந்ததும் பழையதெல்லாம் வரிசைகட்டி வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றதை அட்டைப்படமாகப் போட்டீர்கள். மனதைத் தொட்டது. அந்தப் பறவையைப் பிடித்து, சூடு குறையாமல் வைத்து, இறகிலிருந்து எண்ணெயைக் கழுவுவது ஒரு தனிப் பயிற்சி. அதை இந்த ஊரில் ஒரு இளம் டாக்டர் எங்கே போய்க் கற்பது என்று ஒரு வரி கேட்டிருக்கலாமே? ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் சிறப்பிதழில் எங்கள் படிப்பை ‘நீட்டில் தவறியவர்களுக்கு ஓர் ஆறுதல்’ என்று போடுகிறீர்கள். மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில் நிரம்புபவை. நீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட் ஆஃப் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு ஆறுதல் சொல்லுங்கள். இந்தியாவிலேயே முதல் கால்நடைப் பல்கலைக்கழகம் 1989-இல் தொடங்கியது, மாதவரத்தில் இருக்கிறது. உங்கள் நிருபர் மூலக்கடையில் பஸ் ஏறினால் போய்விடலாம். அவர் ஒருமுறையாவது போயிருந்தால் இந்தக் கட்டுரை இப்படி வந்திருக்காது.

அப்புறம் அந்தப் போட்டோ. வெள்ளைக் கோட்டுப் பெண் லேப்ரடாரின் முதுகெலும்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். நாயின் இதயத் துடிப்பைக் கேட்க இடது முழங்கைக்குப் பின்னால், விலா எலும்புகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். முதுகில் என்ன கேட்டதோ, அவருக்கே வெளிச்சம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த கல்வி இணைப்பில், அதே பக்கத்தில், இரண்டே வரி போடுங்கள்: நம் நாட்டு இன்டர்ன்ஷிப் படிப்பின் பகுதி, அமெரிக்க இன்டர்ன்ஷிப் பட்டத்துக்குப் பிறகான போட்டி. இரண்டும் ஒன்றல்ல. நான்கு வண்ணத்தில் வேண்டாம், கறுப்பு வெள்ளையே போதும்.

என் பெயரைப் போட வேண்டாம். எனக்குக் கடிதம் தர ஒப்புக்கொண்டவரும், பில் போட வைத்தவரும் உங்கள் சந்தாதாரர்கள்தான்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.