எந்தப் பதிப்பு என்பதை ஆட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகக் குழுவினருக்கும், ஆட்டம் நடத்தும் டன்ஜன் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளும் 2024 திருத்தங்களும் நம் மேசைகளில் கலந்து புழங்குவது நீங்கள் அறிந்ததே. பலரும் முறையிட்டு அலுத்துவிட்டார்கள். சென்ற ஞாயிறு நடந்ததைப் பார்த்தபின் என்னால் வாய்மூடி இருக்க முடியவில்லை.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த பெண் ஒருவர் பாலடினாக, அதாவது தெய்வீக சக்தி கொண்ட வீரராக, ஆடினார். ஆட்டத்தில் அவருடைய தோழர் நினைவிழந்து கிடக்கிறார். மரணப் பகடையில் ஏற்கெனவே ஒரு தோல்வி; மூன்றானால் மரணம். அருகில் ஓநாய். வெட்டோடு சேர்த்துக் கூடுதல் சேதம் தரும் டிவைன் ஸ்மைட்டுக்குப் போனஸ் ஆக்‌ஷன் செலவாகும், அது புதிய விதி என்று மாஸ்டர் சற்று முன்புதான் தீர்ப்பளித்திருந்தார். அதே புதிய புத்தகத்தில், பக்கத்தில் கிடப்பவருக்கு மருந்து புகட்டுவதும் போனஸ் ஆக்‌ஷன்தான். ஒரு முறைக்கு ஒரு முழு ஆக்‌ஷனும் ஒரு போனஸ் ஆக்‌ஷனும்தான் உண்டு என்பதால் இரண்டில் ஒன்றுதான் முடியும். அந்தப் பெண் ஸ்மைட்டை விட்டுக்கொடுத்தார். வாளால் மட்டும் வெட்டிவிட்டு மருந்தை எடுத்தார்.

"மருந்துக்கு முழு ஆக்‌ஷன் வேண்டும். என் மேசையில் அது பழைய விதி" என்றார் மாஸ்டர்.

ஆக்‌ஷன் வெட்டிலேயே தீர்ந்துவிட்டது. ஓநாய் கடித்தது. நினைவிழந்தவரை அருகிலிருந்து தாக்கினால் இரண்டு தோல்விகள்; ஆக மூன்று. தோழர் இறந்தார். முழுக்கப் பழைய விதி என்றால் ஸ்மைட்டுக்குத் தனி ஆக்‌ஷனே தேவையில்லை, அந்த வெட்டிலேயே ஓநாய் விழுந்திருக்கலாம். முழுக்கப் புதிய விதி என்றால் தோழர் பிழைத்திருப்பார். இரு பதிப்புகளின் சுமையையும் அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு, இரண்டின் சலுகையையும் பறித்துக்கொண்டோம். "நான்தான் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது" என்று அவர் மன்னிப்புக் கேட்டார். அவர் சரியாகத்தான் படித்திருந்தார்!

கலப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1980களிலேயே இதே விளையாட்டின் இரு வடிவங்களான 'பேசிக்' விதிகளையும் 'அட்வான்ஸ்டு' விதிகளையும் சேர்த்து ஆடியவர்கள் ஏராளம். 2024 புத்தகமும் பழைய உபவகுப்புகளுக்கு (பாத்திர வகைகளின் உட்பிரிவுகளுக்கு) இடம் கொடுக்கிறது. இறுதி முடிவு மாஸ்டருடையது என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த முடிவு பகடை உருளும் முன்பே வர வேண்டும். எதற்கு எந்தப் பதிப்பு என்பதை ஒரு தாளில் எழுதி, முதல் நாளே மேசையில் வையுங்கள். நடுவில் மாற்றாதீர்கள்.

இப்போது நடப்பது என்ன? பழைய புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர்கள் தங்களுக்குச் சாதகமான பக்கத்தைப் புரட்டிக்காட்டி வாதாடி ஜெயிக்கிறார்கள். காசு சேர்த்து ஒரே ஒரு புத்தகம் வாங்கி வந்தவர் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார். புதியவர்கள் ஏன் நிலைப்பதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறீர்களே, காரணம் இதுதான். 2024 ஆகஸ்டில், இந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனத்தார் தங்கள் 'டி அண்ட் டி பியாண்ட்' இணையதளத்தின் பாத்திரத் தாள்களில் பழைய மந்திரங்களுக்குப் பதிலாகப் புதியவற்றை வைக்கப்போவதாக அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்ததும் சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனம் இறங்கி வந்தது. நமக்குத் தேவைப்படுவது ஒரு தாளும் பேனாவும்தான்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. அடுத்த ஆட்டத்துக்கு முன்பாக ஒவ்வொரு மேசையின் விதித் தாளையும் வெளியிடும்படியும், அந்தத் தோழரின் மரணத்தை ரத்து செய்யும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்