தாத்தா பாட்டியையும் அழையுங்கள்

ஆசிரியருக்கு,

சிறு பிள்ளைகளின் கோபம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2022இல் புதுப்பித்த பாலர் கல்விக் கட்டமைப்பு, உணர்வுகளைக் கையாளும் திறனுக்கு முக்கிய இடம் தருகிறது. ஆனால் பள்ளி விட்டதும் பல பிள்ளைகள் இருப்பது தாத்தா பாட்டியிடம்தான். அங்கே இன்னமும் அதட்டல், இல்லாவிட்டால் கையில் கைப்பேசி. இரண்டுமே வாயை அடைக்குமே தவிர, கோபத்தைச் சொல்லக் கற்றுத் தராது.

என் நான்கு வயதுப் பேத்தி, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள விளையாட்டுத் திடலிலிருந்து கிளம்பச் சொன்னாலே செருப்பைக் கழற்றி வீசுவாள். இப்போதெல்லாம் அருகில் உட்கார்ந்து, "இன்னும் சறுக்க ஆசை, அதான் கோபம், சரிதானே?" என்று கேட்கிறேன். தலையாட்டுவாள், கொஞ்சம் அழுவாள், அப்புறம் தானே செருப்பைத் தேடுவாள். வீசக்கூடாது என்று அதன்பிறகு சொன்னால்தான் காதில் ஏறுகிறது. பாலர் பள்ளிகள் பெற்றோர் சந்திப்புக்குத் தாத்தா பாட்டியையும் அழைத்து, இதைத் தமிழிலேயே செய்து காட்ட வேண்டும்.

வாசகி, ஈசூன்