வழக்கை எடுக்க மறுத்தவருக்கும் எடுத்து நடத்தியவருக்கும்

அன்புடையீர்,

முதல் நன்றி, மகள் யாரிடம் வளர்வது என்ற என் வழக்கை எடுக்க மாட்டேன் என்று சொன்ன வக்கீலுக்கு. "நான் பார்ப்பது நிலத் தகராறு. பிள்ளை விஷயத்தில் நான் கை வைத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லி, குடும்ப வழக்குகள் மட்டுமே நடத்தும் ஒருவரின் எண்ணை எழுதிக் கொடுத்தார். கட்டணமும் வாங்கவில்லை. அதற்கு முன் நான் பார்த்த இருவர் என் மகளின் பெயரைக்கூடக் கேட்காமல், "குழந்தை உங்களுக்குத்தான், கவலையை விடுங்கள்" என்று அடித்துச் சொன்னவர்கள். அதைக் கேட்டு அன்று எனக்கு உச்சி குளிர்ந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

வக்கீல் அம்மா, உங்களிடம் வந்தபோது மனைவியின் குறைகளை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை நீட்டினீர்கள். மகள் எழுவதிலிருந்து தூங்குவது வரை யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதச் சொன்னீர்கள். தலை பின்னிவிடுவது யார், வீட்டுப்பாடம் பார்ப்பது யார், இருமல் வந்தால் எந்த மருந்து, எத்தனை மில்லி. செருப்பு அளவில் மாட்டிக்கொண்டேன். பேனாவோடு நான் விழித்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தீர்கள். "உங்கள் இருவரில் யார் நல்லவர் என்று ஆராய நீதிமன்றத்துக்கு நேரமில்லை. பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் பார்க்கும்" என்றீர்கள். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவை அன்றுதான் படித்துக் காட்டினீர்கள். பெற்றோர் பிரிந்தாலும், தன் நலனுக்குக் கேடில்லாதவரை, இருவரோடும் தொடர்பில் இருப்பது பிள்ளையின் உரிமையாம். அதுவரை அது என் உரிமை என்றே நினைத்திருந்தேன்.

கட்டணத்தைக் கட்டம் கட்டமாக எழுத்தில் தந்ததற்கும், இறுதித் தீர்ப்புக்குக் காத்திராமல் இடைக்கால உத்தரவு கேட்டு மனுப் போட்டதற்கும் நன்றி. அந்த உத்தரவு இல்லாவிட்டால் பல மாதம் மகள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். அப்புறம், ராத்திரி பதினொரு மணிக்குக் கோபத்தில் தட்டச்சு செய்ததையெல்லாம் அவளுடைய அம்மாவுக்கு அனுப்பாமல் உங்களுக்கு அனுப்பச் சொன்னீர்களே, அதற்கும். எனக்கு எதிரான சாட்சியத்தை நானே தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

குழந்தைகள் ஆலோசகருக்கு: நீதிபதி தனியறையில் மகளிடம் பேசிய அன்று வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ளே என்ன சொன்னாய் என்று கேட்காதீர்கள், இன்றும் சரி, என்றும் சரி" என்றீர்கள். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வெளியே வந்து, பசிக்கிறது என்றாள்.

வார நாள்களில் அம்மாவோடு, வார இறுதியிலும் பாதி விடுமுறையிலும் என்னோடு என்று தீர்ப்பானது. நான் கேட்டது இதைவிட அதிகம். சூழ்நிலை மாறினால் உத்தரவை மாற்றித் தரக் கேட்கலாம் என்று, வக்கீல் அம்மா, நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை. பள்ளி விழாவுக்காக ஒரு வாரத்தை மாற்றிக்கொள்ள உடனே சம்மதித்த எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ஒரு நன்றி. இதை என் நண்பர்களே ரசிக்கமாட்டார்கள், பரவாயில்லை.

கடைசியாக, ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து வராந்தாவில் நின்ற என் தங்கைக்கு. ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கித் தந்த உன் நீலக் கோப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் மகள் யானை வரைந்துவிட்டாள். அப்படியே தரவா?