படி ஒன்பதா, ஐந்தா?

பாளையங்கோட்டை,
புரட்டாசி சனிக்கிழமை, மத்தியானம்.

அன்புள்ள கோமு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் மூட்டு எப்படி இருக்கு, அண்ணனுக்குச் சுகர் குறைஞ்சிருக்கா, எல்லாம் பதிலில் எழுது. இவ்வளவு நாள் எழுதாததுக்கு நீ திட்டப்போகிற திட்டை நானே ஒரு தடவை திட்டிக்கொண்டேன், அதோடு அதை விடு. போனில் சொல்லலாம்தான். ரெண்டாவது நிமிஷமே நீ பேத்திக்குப் பல் முளைத்த கதைக்குப் போய்விடுவாய். இது நீளமான வழக்கு.

வீடு கட்டப்போகிறோம்டி. மகாராஜ நகர் தாண்டி வாங்கிப்போட்டு, இத்தனை காலமா கருவேல முள்ளும் ஊரார் ஆடும் வளர்ந்துகொண்டிருந்த அந்த அஞ்சு சென்ட்தான். நாற்பதுக்கு ஐம்பத்தி நாலரை அடி. புரட்டாசியில் வாஸ்து புருஷன் கண்ணே திறக்கமாட்டாராம், அதனால் ஐப்பசி 11-இல் பூஜை என்று மூத்த அத்தான் நாள் குறித்துவிட்டார். ஐப்பசி அடைமழையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால் வீடு வராது, தெப்பக்குளம்தான் வரும் என்று சொன்னேன். கடைசியில் பூஜை ஐப்பசியில், வேலை தை 12-க்கு மேல் என்று ராசியாச்சு. ஆக, பிளானை வைத்துச் சண்டை போடத் தைமாசம் வரைக்கும் நேரம் இருக்கு. எங்கள் குடும்பத்துக்கு அது போதாது என்பது உனக்குத் தெரியும்.

என்ஜினியர் வாட்ஸ்அப்பில் பிளான் அனுப்பினார். அதைப் பெரிய தாளில் அச்சடித்து மேஜையில் விரித்ததுதான் தாமதம், ஆளுக்கொரு பேனா. பெரியவனுக்குக் கதவைச் சாத்தினால் குக்கர் சத்தம் கேட்காத ஆபீஸ் ரூம் வேணும், போர்ட்டிகோவில் கரண்ட் காருக்குச் சார்ஜ் போடுகிற பாயிண்ட் வேணும். எங்க வீட்டு சாருக்குத் தேக்கு நிலை, அதில் கஜலட்சுமி, பதினாறு அடி அகலத்துக்கு ஹால். பேரனுக்கு ஊஞ்சல். அந்தப் பயல் கேட்டது ஒன்றுதான் நியாயம். கான்கிரீட் போடுகிறதுக்கு முன்னாலேயே கம்பியோடு கொக்கியைக் கட்டிவிட்டால் தீர்ந்தது, அப்புறம் சீலிங்கைக் குடைய வேண்டாம். மூத்த அத்தான் மனையடி சாஸ்திரத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அடுப்படி ஒன்பதுக்குப் பன்னிரண்டு என்று வரைந்திருந்தது. ஒன்பதடி பீடையாம், பன்னிரண்டடி செல்வத்தைக் குறைக்குமாம். பத்துக்குப் பதினொன்று என்று மாற்றினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ரெண்டு சதுர அடி கூடுதல். வாயைத் திறக்காமல் காபி போட்டுக் கொடுத்தேன்.

மருமகள் கேட்டதைச் சொன்னால் நம்பமாட்டாய். மாடுலர் கிச்சன், சிம்னி என்று கேட்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் கேட்டது அடுப்படிக்குப் பின்னால் ஒரு தண்ணிப் புழங்குகிற இடம். இட்லிக் கொப்பரை முழுசாப் படுத்துக்கொள்கிற மாதிரி பெரிய தொட்டி, துவைக்கிற மெஷின், பக்கத்தில் ஒரு கல், மழைக்கு நனையாமல் துணி காய ஒரு கொடி. நம்ம டவுன் வீட்டில் ஆச்சி காலத்து அங்கணமும் புறவாசலும் செய்த வேலையைத்தான் இவள் கேட்கிறாள். வீட்டைப் பார்க்க வருகிற ஒருத்தரும் அதைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அதில்லாத வீட்டில் ஈரம் எல்லாம் ஹாலுக்கு வந்துவிடும். அந்த நிமிஷத்திலிருந்து நானும் அவளும் ஒரே கட்சி. சார் முகத்தை நீ பார்த்திருக்கணும்.

நான் கேட்டது ரெண்டு. அடுப்பு மேடை உயரம் 34 அங்குலம்தான் ஸ்டாண்டர்ட் என்றார் என்ஜினியர். தம்பி, ஸ்டாண்டர்டுக்குத் தெரியுமா நான் நாலடி பத்து என்று கேட்டேன். நின்று முழங்கையை மடக்கி, அதுக்கு நாலு அங்குலம் கீழே மேடை இருந்தால்தான் தோள் வலிக்காமல் சப்பாத்தி தேய்க்க முடியும். மருமகள் என்னைவிட அரையடி உயரம். இப்போ அடுப்பு இருக்கிற பக்கம் அவள் உயரத்துக்கும், நறுக்குகிற பக்கம் என் உயரத்துக்குமாக ஒரு படி இறக்கம் வைக்கிறதா முடிவு. ரெண்டாவது, மேற்குப் பக்க ஜன்னல். வெயில் அடிக்கும் என்று மேற்குச் சுவரில் ஒரு வென்டிலேட்டர்கூட இல்லாமல் அடைத்திருந்தார் அந்தப் பிள்ளை. மதுரைக்கு வடக்கே பிறந்தவராக இருக்கணும். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியா வருகிற காற்றை விட்டுவிட்டு ஏ.சி. வாங்கி மாட்டவா? ரெண்டடிக்குச் சன்ஷேடு, நல்ல மரச்சட்டம், சாயந்திரம் நாலு மணிக்குச் சாத்திக்கொள்ளலாம். சரி என்றுவிட்டார்கள்.

இதெல்லாம் சில்லறை. தூக்கம் கெடுகிறது வேற ஒன்றால்.

பேஸ்மட்டம். 2023 டிசம்பர் 17, 18-இல் இங்கே என்ன நடந்தது என்று நீ டிவியில் பார்த்தாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஜங்ஷனும் கொக்கிரகுளமும் பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்களுக்கு அதுக்கப்புறம் தண்ணி என்றாலே ஒரு நடுக்கம். இப்போ இந்தப் பக்கம் எழும்புகிற வீடெல்லாம் ரோட்டிலிருந்து நாலடி, அஞ்சடி என்று தூக்கித்தான் கட்டுகிறார்கள். போதாததுக்கு, பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே மேலேயே போட்டு ரோடும் வளர்ந்துகொண்டே போகிறது. எங்கள் பிளானிலும் நாலடி. பெரியவன் அதில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்கிறான்.

நாலடி என்றால் 48 அங்குலம். படி ஒற்றைப்படையில்தான் இருக்கணும் என்று அத்தான். ஏழு படி வைத்தால் ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்பது வைத்தால் அஞ்சேகால் சொச்சம். எனக்கே ஏழு அங்குலம் ஏற "முருகா" சொல்ல வேண்டியிருக்கு. அத்தைக்கு எண்பத்தி நாலு. பங்குனியில் விழுந்ததிலிருந்து வாக்கர்தான், தூரம் என்றால் சக்கர நாற்காலி. அவர்களுக்கு ஒன்பதும் ஒன்றுதான், தொண்ணூறும் ஒன்றுதான்.

சாய்தளம் போடலாம் என்றேன். என்ஜினியர் நல்ல பிள்ளை, சிரிக்காமல் கணக்குச் சொன்னார். தள்ளுகிறவருக்கும் உட்கார்ந்திருக்கிறவருக்கும் ஆபத்தில்லாமல் இருக்கணும் என்றால் ஒரு அடி ஏறுவதுக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும். நாலடிக்கு 48 அடி. மனையே ஐம்பத்தி நாலரைதான்! நம்ம ஊரில் ஆஸ்பத்திரி வாசலிலும் பேங்க் வாசலிலும் சட்டத்துக்குப் பயந்து போட்டிருக்கிறார்களே, செங்குத்தா ஒரு சறுக்கு, அதில் நாற்காலியைத் தள்ளினால் ஆள் தனியா நாற்காலி தனியா வந்து சேரும். அது எனக்கு வேண்டாம்.

அப்புறம்தான் அந்தத் தெருவில் போய் விசாரித்தேன். பால்காரர், முக்குக் கடைக்காரர், மூணாவது வீட்டு டீச்சர், எல்லாரையும். அந்த ரெண்டு நாளும் அங்கே ரோட்டில் கரண்டைக்கால் அளவுதான் தண்ணி ஓடியிருக்கு, ஒரு வீட்டுக்குள்ளேயும் போகலை. ஆக, நாலடி என்பது பாதி வெள்ளத்துக்கு, பாதி பயத்துக்கு. ரெண்டரை அடி போதும் என்று நான் சொல்கிறேன். ரெண்டரை என்றால் ஆறு அங்குலத்தில் சரியா அஞ்சு படி, அத்தானுக்கும் ஒற்றைப்படை ஆச்சு. சாய்தளம் முப்பதடி.

முப்பதடியை எங்கே படுக்கப்போடுகிறது? தெற்குப் பக்கச் சந்து வழியா நேரே பின்னால் கொண்டுபோய்ப் புறவாசலில் சேர்த்துவிடலாம் என்று என்ஜினியர் கோடு போட்டார். அழகா இருந்தது. அரிசி மூட்டை, சிலிண்டர் எல்லாம் அதிலேயே உருட்டிக்கொண்டு போகலாம். எல்லாருக்கும் சந்தோஷம். பெரியவன் தாளை எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் காட்டினான்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். "இது எங்க போவுது?" என்று கேட்டார்கள். புறவாசலுக்கு ஆச்சி என்றான். தாளை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, "இந்தக் குடும்பத்துக்குள்ள நான் முன்வாசல் வழியா வந்தவ. உங்க தாத்தாவ முன்வாசல் வழியாத்தான் கொண்டு போனோம். என்னை மட்டும் பாத்திரம் விளக்குத வழியா உள்ள தள்ளதுக்கா வீடு கட்டுதீக?" என்றார்கள். சத்தமே போடலை. அன்றைக்கு ராத்திரி யாரும் சரியாச் சாப்பிடலை.

கோமு, உன்னிடம் சொல்ல என்ன. இந்த முப்பத்தி எட்டு வருஷத்தில் அத்தை எனக்குக் கொடுத்த கஷ்டத்தை நீதான் கடிதம் கடிதமா வாசித்திருக்கிறாய். அந்தப் பித்தளைக் குத்துவிளக்கு விவகாரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. வீட்டில் இருக்கிறவர்களிலேயே மூத்த மனுஷி பின்பக்கமா வரணும், வருஷத்துக்கு ரெண்டு தடவை வருகிற சம்பந்திக்குத் தேக்கு நிலையும் கஜலட்சுமியுமா?

அதனால் இப்போ என் திட்டம் இது. சாரின் பதினாறடி ஹாலைப் பதினொன்றாக்கணும். பதினொன்றும் மனையடியில் நல்ல கணக்குதான், புத்திர லாபமாம், அத்தானே வாசித்துச் சொன்னார். மிச்சம் அஞ்சடியைத் தெற்கே இருக்கிற மூணடிச் சந்தோடு சேர்த்தால் எட்டடி. கேட்டிலிருந்து பதினைந்தடி உள்ளே போய், திரும்பி, பதினைந்தடி முன்னால் வந்து, முன்வாசல் தாழ்வாரமான தார்சாவில் ஏறிவிடலாம். ரெண்டு பக்கமும் கைப்பிடி. தார்சாவை ஒட்டினதுதான் அத்தை அறை. கட்டிலில் படுத்தபடி தெருவில் யார் போகிறார், யார் வருகிறார் என்று தெரிகிற மாதிரி தாழ்வா ஒரு ஜன்னல். அவர்கள் கேட்டது அது ஒன்றுதான். பாத்ரூம் கதவு ரெண்டரை அடி போட்டிருந்ததை மூணடியாக்கி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைக்கச் சொல்லிவிட்டேன். உள்ளே ஆள் விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால் உள்பக்கமாத் திறக்கிற கதவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? செண்பகம் வீட்டில் நடந்ததை நாம் ரெண்டு பேரும் மறக்கமாட்டோம்.

சார் ஒத்துக்கொள்ளவில்லை. சோபா செட் எங்கே போடுகிறது என்கிறார். சோபாவில் யார் உட்காருகிறார்கள், இஸ்திரி போட வேண்டிய துணிதானே என்றேன். பேச்சு நின்றுபோச்சு. பெரியவன் நாலடிக்கும் ரெண்டரைக்கும் நடுவே தொங்குகிறான்; தண்ணி வந்தால் நீதான் பொறுப்பு என்று என்னிடம் எழுதி வாங்காத குறை. அவன் பயமும் பொய்யில்லை. அடுத்த மழை போன மழை மாதிரியே பெய்யும் என்று யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள். அதையும் நினைத்தால்தான் ராத்திரி மூணு மணிக்கு முழிப்புத் தட்டுது.

இப்போ உன்னிடம் வருகிறேன். போன மாசம் உன் மருமகள் கொலு சாமான் எடுத்து வைக்கிற போட்டோ போட்டிருந்தாள். அதில் ஓரத்தில் ஹாலில் திவானும், அதில் உன் தலையணையும், பக்கத்து ஸ்டூலில் உன் தைலமும் இருந்தது. பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. நீ மாடியில் பார்த்துப் பார்த்துக் கட்டின அந்தப் பெட்ரூம், கிரகப்பிரவேசத்தில் எங்களையெல்லாம் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காட்டினாயே, அங்கே இப்போ போகமுடிகிறதா? உன்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. சண்டையில் எனக்குச் சாட்சி வேணும். கட்டி, குடியிருந்து, முட்டியும் ரிப்பேரான ஒருத்தி சொன்னால் பெரியவன் கேட்பான். உன் மேல் அவனுக்கு எப்பவுமே ஒரு பயபக்தி, அந்தப் பூனை நாளிலிருந்து.

ஆகவே உடனே இதைச் செய். ஒரு டேப்பை எடுத்து, உன் வாசற்படி ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், உள்ளே மாடிப்படி எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. எதில் ஏறும்போது வலிக்கிறது, எதில் வலிக்கவில்லை என்று பக்கத்திலேயே குறித்துவிடு. நீயே குனிந்து அளக்காதே, அண்ணனை அளக்கச் சொல். ரிட்டயர் ஆன மனுஷன், சும்மாத்தானே இருக்கார். அதோடு, உன் வீட்டில் காசைக் கொட்டிச் செய்ததில் எதைத் தினமும் புழங்குகிறாய், எது சும்மாக் கிடக்கிறது என்றும் ஒளிக்காமல் எழுது. அந்தக் கண்ணாடி பால்கனி உட்பட. ஐப்பசி 11-க்கு முன்னால் பதில் வரணும். அன்றைக்குப் பூஜைக்கு மொத்தக் குடும்பமும் கூடும், எல்லார் முன்னாலும் சத்தமா வாசிக்கப்போகிறேன். அதனால் என்னைத் திட்டுகிறதைத் தனித் தாளில் எழுதி உள்ளே வை.

உன்
வடிவு