1940 சட்டம் மட்டும் காப்பாற்றவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். அருமையான படங்கள். ஆனால் 1940-ல் சட்டம் போட்டார்கள், கழுகு பிழைத்துக்கொண்டது என்பது போலக் கட்டுரை முடிந்திருந்தது மனதை உறுத்தியது. நடந்தது அப்படியில்லை. அந்தப் பறவை ஏறக்குறைய அழியும் நிலைக்குப் போனதே சட்டம் வந்த பிறகுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்கு மினசோட்டா போயிருந்தோம். மார்ச் தொடக்கம், நல்ல குளிர். அங்கே வபாஷா என்ற ஊரில் மிசிசிப்பி ஆறு முழுதாக உறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் மீனுக்காகக் கழுகுகள் கூடுகின்றன. பனிக்கட்டியின் ஓரத்தில் ஒரு கழுகு மீனைக் காலால் அமுக்கிக்கொண்டு கிழித்துத் தின்றதை அரை மணி நேரம் பார்த்தேன். பக்கத்தில் முழுக்கப் பழுப்பாக இன்னொன்று. அதுவும் அதே இனம்தான், குஞ்சுப் பருவம் தாண்டிய இளசு. தலை வெளுக்க நாலைந்து வருடம் ஆகுமாம். கட்டுரையில் ‘மொட்டைக் கழுகு’ என்று இருந்தது. தலை மொட்டையே இல்லை, அத்தனையும் பளிச்சென்ற வெள்ளை இறகு. வெண்தலைக் கழுகு என்றே எழுதலாமே.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். கழுகைக் கொல்லக்கூடாது, விற்கக்கூடாது, முட்டையையோ கூட்டையோ தொடக்கூடாது என்று 1940 சட்டம் சொன்னது. ஆனால் அலாஸ்காவுக்கு அதில் விலக்கு இருந்தது. சால்மன் மீனைத் தின்கிறது என்று சொல்லி அங்கே 1917 முதல் கழுகுத் தலைக்குக் காசு கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் சுட்டுத் தள்ளப்பட்டன. மற்ற மாநிலங்களில் துப்பாக்கி ஓரளவு அடங்கிய நேரத்தில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி வந்தது.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு மலேரியாக்காரர்கள் பம்போடு வந்து சுவரில் மருந்தடித்துவிட்டு, கதவுக்குப் பின்னால் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். அதே டி.டி.டி.தான். கொசுவைக் கொன்று எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து, அதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் அதை வயல், காடு, சதுப்பு என்று எல்லா இடத்திலும் கொட்டினார்கள். மழையில் அடித்துக்கொண்டு போய் ஆற்றில் சேர்ந்தது சின்ன மீனுக்குள் போய், அதைத் தின்ற பெரிய மீனில் இன்னும் சேர்ந்து, கடைசியில் கழுகின் உடம்பில் குவிந்தது. கழுகு சாகவில்லை. முட்டையின் ஓடுதான் மெலிந்துபோனது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. இதை எந்தக் காவலர் பிடிப்பார், எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவார்? 1963-ல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக 48 மாநிலங்களிலும் சேர்த்து எண்ணியபோது 417 ஜோடிகள்தான் கூடு கட்டியிருந்தன.

1972-ல் டி.டி.டி.க்குத் தடை. அடுத்த வருடமே அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களுக்கான சட்டம். அது பறவையை மட்டுமல்ல, அது வாழும் இடத்தையும் காத்தது. அப்புறம் மனிதர்கள் பட்ட பாடு. நியூயார்க் மாநிலத்தில் 1976 முதல் 1988 வரை வெளியிலிருந்து, பெரும்பாலும் அலாஸ்காவிலிருந்து, குஞ்சுகளைக் கொண்டுவந்து உயரமான பரண்களில் வைத்து, ஆள் முகம் தெரியாமல் மீன் போட்டு வளர்த்தார்கள். அப்படி 198 பறவைகளைப் பறக்கவிட்டார்கள். 2007-ல் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகின் பெயரை எடுத்தபோது ஜோடிகள் 9,789. அதே 48 மாநிலங்களில் 2018–19 கணக்குப்படி 71,400 ஜோடிகள்.

பட்டியலிலிருந்து எடுத்தாலும் அந்த 1940 சட்டம் இன்னும் இருக்கிறது. ஆற்றங்கரையில் கிடந்த பெரிய இறகு ஒன்றை எடுக்கக் குனிந்த பேரனை மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கழுகு இறகாக இருந்தால், தானாக உதிர்ந்ததைக்கூட அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கோ அந்தக் கண்டிப்பைப் பார்த்து நிறைவாக இருந்தது.

ஆனால் கட்டுரை தொடாத ஒன்று இருக்கிறது: ஈயம். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்று 1991-லேயே நாடு முழுக்கத் தடை வந்துவிட்டது. மான் வேட்டைக்கு அப்படி வரவில்லை. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுப்போகும் குடலில் தோட்டாவின் ஈயத் துணுக்குகள் இருக்கும். கழுகு அதைத் தின்கிறது. 38 மாநிலங்களில் வெண்தலைக் கழுகும் பொன்னிறக் கழுகுமாக 1,210 பறவைகளைச் சோதித்து 2022-ல் வெளியான ஆய்வில், எலும்பைச் சோதித்த பறவைகளில் ஏறக்குறைய பாதியில் நாள்பட்ட ஈய நஞ்சு தெரிந்தது. செம்புத் தோட்டா கடையில் கிடைக்கிறது, மானும் விழுகிறது.

கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவதாக இருந்தால், டி.டி.டி.யையும் இந்த ஈயத்தையும் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.