பழைய சீக்கோவை அடிமாட்டு விலைக்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1970களில் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன சபராளிகள் கொண்டுவந்த ஜப்பானிய சீக்கோ 6139 ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்சும் சேர்ந்த) வாட்ச், கீழக்கரை, தொண்டி பக்கத்து அலமாரிகளில் இன்னும் கிடக்கிறது. “நொடி முள் ஓடவில்லை, சாவியும் ஏறவில்லை, செத்த வாட்ச்” என்று சொல்லி அதை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். இரண்டுமே பழுதல்ல.

அதில் தனி நொடி முள்ளே கிடையாது. நடுவில் உள்ள நீள முள் ஸ்டாப்வாட்ச் முள். 2 மணிப் பக்கத்துப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். நின்ற பிறகே 4 மணிப் பக்கத்துப் பட்டனால் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பக்கவாட்டில் உள்ள திருகைச் சுற்றிச் சாவி கொடுக்கவும் முடியாது. வாட்சைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்தால் உள்ளே இருக்கும் ரோட்டார் என்ற எடைத்தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். திருகை லேசாக அமுக்கினால் தேதி, முழுதாக அமுக்கினால் கிழமை மாறும். இரவு 9 மணிக்கு மேல் விடியும்வரை அமுக்கக் கூடாது. தேதியைத் தானாக மாற்றும் பற்கள் அப்போது கோத்திருக்கும், உடைந்துவிடும்.

பட்டன் இறுகியிருந்தால் மட்டும் பலவந்தம் வேண்டாம். அது நம் ஊர் உப்புக்காற்றின் வேலை. பின்மூடியைக் கழற்றினால் ரப்பர் வளையம் தார்போல் இளகியோ, கருகி நொறுங்கியோ கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் அடியில் எவர்சில்வரிலேயே ஊசிமுனைக் குழிகள் தெரியும். பட்டன் தண்டு வழியே ஈரம் இறங்கி, சின்ன ஸ்பிரிங்குகளில் துரு ஏறியிருக்கும். வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றாமல் எண்ணெய் மட்டும் விட்டுக் கொடுப்பது சர்வீஸ் ஆகாது.

மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்குவதை அனுமதிக்காதீர்கள். ஸ்டாப்வாட்ச் முள்ளை ஓட்டும் கிளட்ச் சக்கரம் பிரிக்கக் கூடாத தொகுதி; உள்ளிருக்கும் எண்ணெய் கழுவிப் போனால் முள் தடுமாறும். வெளிக்கூடான கேஸை மெருகேற்றுவதும், டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதும் இன்னும் மோசம். மங்கிய அசல் டயலைத் தேடித்தான் சேகரிப்பாளர்கள் வருகிறார்கள். 1973 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்கைலாப் 4 விண்வெளிப் பயணத்தில் வீரர் வில்லியம் போக் கட்டிச் சென்றதும் இதே 6139தான்.

விற்பதானால் பின்மூடியில் உள்ள ஆறிலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் வாட்ச் தயாரான ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள். ‘2டி’ என்று தொடங்கினால் 1972 டிசம்பர்.

வாட்சில் 70 மீட்டர் ஆழம்வரை தண்ணீர் புகாது என்றிருந்தாலும் அதை நம்பி யாரும் அதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்க வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

இப்படிக்கு,
கடிகாரப் பழுதுபார்ப்போர் சிலர்,
ராமநாதபுரம்