அத்தானுக்கு: ஒரு நாள் மட்டும் ஸ்டியரிங்கை விட்டுக்கொடுங்கள்

அன்புள்ள அத்தான்,

மே மாதம் எல்லோரும் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் நீஸுக்குப் போகிறீர்கள், அங்கே வாடகைக்குக் கார் எடுத்து நீங்களே ஓட்டப்போகிறீர்கள் என்று நேற்று இரவு அக்கா போனில் சொன்னாள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் விடியற்காலையில் ஒரே மூச்சில் ஏறியவர் நீங்கள், அன்றைக்குப் பின்சீட்டில் நானும் இருந்தேன், அதனால் உங்கள் கையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நீங்கள் பார்க்காமலே விடப்போகிற கடலை நினைத்துத்தான் கவலையாக இருக்கிறது. இதை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், நிறையக் குடும்பங்களில் உங்களைப் போல ஒருவர் இருக்கிறார், லீவில் மொத்தக் குடும்பத்துக்கும் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத் தான் மட்டும் ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்.

எங்கள் வீட்டிலும் முதல் தடவை அதுதான் நடந்தது. நீஸ் விமான நிலையத்திலேயே கார் எடுத்தோம், இவர் ஓட்ட, நான் மடியில் போனை வைத்துக்கொண்டு வழி சொல்ல, பின்னால் அம்மா ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்த பிடி விடாமல் வந்தாள். ஏஸ் கிராமத்துக்குக் கீழே வண்டி நிறுத்த இடமே இல்லை, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஊருக்குள் கால் வைக்காமலே கிளம்பினோம். பக்கத்துக் குட்டி நாடான மொனாக்கோவில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் போனில் வழி காட்டுவது நின்றுவிட்டது, வெளியே வந்தபோது வேறு எங்கோ இருந்தோம். சாயங்காலம் அறைக்கு வந்ததும் அம்மா கடலின் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போக, இவர் மெதுவாக, "நான் கடலையே சரியாப் பார்க்கலை" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, களைப்பில் சொன்னார். எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. அடுத்த முறை போனபோது ஒரு முழு நாளுக்கு வழிகாட்டியே ஓட்டிவரும் தனிக் கார் ஏற்பாடு செய்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

நீங்கள் கணக்கு கேட்பவர், அதனால் இதைக் கவனியுங்கள். நீஸிலிருந்து இத்தாலி எல்லையில் இருக்கும் மான்தோன் வரை சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆல்ப்ஸ் மலை நேராகக் கடலில் இறங்குகிற இடம், சமதரை என்று பெரிதாக எதுவும் கிடையாது, மலையின் விலாவை வெட்டி ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சாலைகள் போட்டிருக்கிறார்கள். கோர்னிஷ் என்பார்கள். கீழ்ச்சாலை கடலை ஒட்டி ஊர் ஊராகப் போகும், நடுச்சாலை 20-ஆம் நூற்றாண்டில் வந்தது, மேல்சாலை நெப்போலியன் காலத்தில், ஏறக்குறைய பழைய ரோமானியச் சாலையின் தடத்திலேயே போட்டது, 500 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. கிழக்கே மான்தோனை நோக்கிப் போகும்போது கடல் உங்கள் வலப்பக்கம். ஆனால் அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். அதாவது கடலோரத் தடத்திலேயே போனாலும் ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது எதிரே வரும் லாரியும் மலைச்சுவரும்தான், கடல் முழுக்க வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருப்பவருக்கு. அந்த ஜன்னலில் நீங்கள் உட்கார வேண்டும் அத்தான். இவ்வளவும் எழுதுவது அதற்காகத்தான்.

எங்களுக்கு வந்த வழிகாட்டி நீஸிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. காலையில் எங்களை ஏற்றிக்கொண்டதும் மலைக்குப் போகவில்லை, முதலில் பழைய ஊரின் கூர் சலேயா சந்தைக்குக் கூட்டிப்போனார், அம்மா சைவம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சோக்கா வாங்கித் தந்தார். கொண்டைக்கடலை மாவை ஆலிவ் எண்ணெயும் தண்ணீரும் உப்பும் விட்டுக் கரைத்துப் பெரிய வட்டத் தாம்பாளத்தில் ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளி எடுப்பது, மேலே மிளகுத்தூள் தூவிச் சுடச்சுடப் பிய்த்துத் தருவார்கள். அம்மா இரண்டாவது தட்டும் கேட்டாள். அத்தைக்கு அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அக்கா கவலைப்பட்டாளாம், இதைச் சொல்லுங்கள்.

அந்தத் தெருக்களில் பெயர்ப்பலகைகள் இரண்டு மொழியில் இருக்கும், ஒன்று பிரெஞ்சு, இன்னொன்று நீஸின் சொந்த மொழி. தன் பாட்டி வீட்டில் அந்த மொழிதான் பேசுவார் என்றார் எங்கள் வழிகாட்டி. நீஸ் பிரான்சோடு சேர்ந்ததே 1860-இல்தான், இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி பிறந்த ஊர் இது. இதெல்லாம் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவைதான், ஆனால் பாட்டியின் சொற்களை ஒன்றிரண்டு சொல்லிக்காட்டிக்கொண்டே வண்டியைக் கடற்கரைச் சாலைக்குத் திருப்பினார் பாருங்கள், அப்போது அது வேறு மாதிரி உள்ளே போகிறது.

கடற்கரைச் சாலையின் பெயரே ஆங்கிலேயர் உலாச்சாலை. பணக்கார ஆங்கிலேயர்கள் குளிருக்குப் பயந்து, நுரையீரல் நோய்க்கு இதமான காற்றைத் தேடி இங்கே வந்து தங்கினார்கள், 1820-களில் வேலையில்லாமல் தவித்தவர்களுக்குக் கூலி கொடுத்து இந்த நடைபாதையைப் போட வைத்தார்கள். ஆக இந்தக் கரையின் பகட்டு தொடங்கியது குளிர்கால நோயாளிகளிடம், கோடையில் இங்கே வரும் பழக்கம் போன நூற்றாண்டில்தான் பரவியது. 2016 ஜூலை 14 இரவு வாணவேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்துக்குள் ஒருவன் லாரியை விட்டு 86 பேரைக் கொன்றதும் இதே சாலையில்தான். இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னத்தின் அருகே எங்கள் வழிகாட்டி வண்டியை நிறுத்தி இறங்கி, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். நாங்களும் பேசவில்லை.

அப்புறம் நடுச்சாலை. ஊரை விட்டு ஏறியதும் ஒரு திருப்பத்தில் கீழே வில்ஃப்ரான்ஷ் வளைகுடாவும் அதைத் தாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் காப் ஃபெரா முனையும் ஒன்றாகத் தெரியும். ஆழமான வளைகுடா என்பதால் பெரிய கப்பல்களே வந்து நங்கூரம் போடும். முனையின் இடுப்பில் பச்சைக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஒரு மாளிகை, ரோத்ஷில்ட் குடும்பத்துப் பெண் பேயாத்ரிஸ் எஃப்ருசி 1912 வாக்கில் கட்டி முடித்தது, சுற்றிலும் ஒன்பது தோட்டங்கள். முதல் முறை வந்தபோது இந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறோம், பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்ததில் நிற்க முடியவில்லை. இந்த முறை அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்று கேட்டாள். வழிகாட்டி கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இருங்கள், ஏஸில் ஏறுவதை விட்டுவிடலாம், உங்கள் முழங்காலுக்கும் அது நல்லது" என்றார். அந்த இருபது நிமிடத்துக்காகவே நான் அந்தப் பணத்தை மறுபடியும் கொடுப்பேன்.

ஏஸ் விஷயத்தில் அவர் சொன்னது சரி. கடலிலிருந்து 400 மீட்டருக்கு மேலே பாறை உச்சியில் கூடு கட்டினாற்போல இருக்கும் ஊர், வண்டி உள்ளே போகாது, எல்லாம் கல் படியும் ஏற்றமும், உச்சியில் கள்ளித் தோட்டம். அக்காவும் பிள்ளைகளும் ஏறட்டும். அத்தையை ஏற்ற வேண்டாம், மேல்சாலைக்குப் போய்விட்டால் அதே ஊரை மேலிருந்து, கடலைப் பின்னால் வைத்துப் பார்க்கலாம், எனக்கு அந்தக் காட்சிதான் அதிகம் பிடித்தது. அதே சாலையில் லா துர்பி என்ற ஊரில் கி.மு. 6-இல் அகஸ்டஸ் பேரரசனுக்கு எழுப்பிய வெற்றிச்சின்னம் நிற்கிறது, ஆல்ப்ஸில் அவன் அடக்கிய நாற்பதுக்கும் மேற்பட்ட குலங்களின் பெயர்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சுமார் 50 மீட்டர் உயரம் இருந்தது, இப்போது 35 மீட்டர். உதிர்ந்த கற்கள் பக்கத்து வீடுகளின் சுவருக்குள் போய்விட்டன.

லா துர்பியிலிருந்து மொனாக்கோவுக்கு இறங்கும் சாலையில் ஒரு வளைவில் வழிகாட்டி வேகத்தைக் குறைத்தார். 1982 செப்டம்பரில் மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லியின் கார் உருண்ட சாலை அது. தனக்கு அப்போது பத்து வயது என்றும், வீட்டில் அன்று யாரும் சமைக்கவில்லை என்றும் சொன்னார். ஹாலிவுட் நடிகையாகத்தான் நான் கேள்விப்பட்டிருந்தேன், இந்த ஊர்க்காரர்களுக்கு வீட்டில் ஒருவர் போனதுபோல இருந்திருக்கிறது.

மொனாக்கோவை எல்லோரும் சூதாட்ட ஊர் என்கிறார்கள், ஏன் அப்படி ஆனது என்று அவர் சொன்ன கதைதான் எனக்குப் பெரிது. ஒரு காலத்தில் மான்தோனும் ரோக்ப்ரூனும் மொனாக்கோ அரசரின் கையில்தான் இருந்தன, அந்த ஊர்களின் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும்தான் அரண்மனைக்குச் சோறு போட்டன. வரிச்சுமை தாங்காமல் 1848-இல் இரண்டு ஊரும் பிரிந்துபோயின, 1861-இல் 40 லட்சம் ஃபிராங்குக்கு அவற்றை அரசர் மூன்றாம் சார்லஸ் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தார். மிஞ்சியது ஒரு பாறையும் கடலும். சூதாட்ட மன்றம் பெரிதாக எழுந்தது அப்போதுதான், அது இருந்த மேட்டுக்கு அவர் பெயரால் மோன்டே கார்லோ, சார்லஸின் மலை, என்று பெயர் வைத்தார்கள். 1868-இல் ரயில் வந்து சேர்ந்தது, பணம் கொட்டியது, அடுத்த ஆண்டே குடிமக்களுக்கு நேரடி வரிகளை எடுத்துவிட்டார்கள். ஆனால் மொனாக்கோ குடிமகன் அந்த மன்றத்தில் சூதாடக் கூடாது, இன்றைக்கும் அதுதான் சட்டம். இரண்டு சதுர கிலோமீட்டர் நாட்டின் அத்தனை மாடிக்கட்டடத்துக்கும் அடியில் எலுமிச்சைத் தோட்டத்து வரி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, வாசலில் நிற்கும் விலையுயர்ந்த கார்களைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது.

பிள்ளைகளுக்குக் கார் பந்தயச் சாலை போதும். 1929 முதல் பந்தயம் நடக்கும் அதே ஊர்த் தெருக்கள், ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர், மற்ற நாள்களில் பெரும்பாலும் பொதுச்சாலைதான், எங்கள் வழிகாட்டி கொண்டை ஊசி வளைவு உட்பட சுற்றின் பெரும்பகுதியை ஓட்டிக் காட்டினார். பந்தயத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே தடுப்பும் மேடையும் போட ஆரம்பித்துவிடுவார்கள், ஊருக்குள் நகர முடியாது, தேதியைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

உங்களுக்காக நான் தனியாக எடுத்து வைத்திருப்பது ரோக்ப்ரூன். சண்டிகரில் நான்கு வருடம் படித்தவர் நீங்கள், கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே வரைந்த அந்த அகலமான சாலைகளைப் பற்றி எவ்வளவு பேசியிருப்பீர்கள். அந்த மனிதர் தனக்கென்று இந்தக் கரையில் கட்டிக்கொண்டது ஒரு மரக்குடில், 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், 1952-இல். கட்டிலும் மேசையும் ஜன்னலும், சமையலறைகூடக் கிடையாது. 1965 ஆகஸ்டில் அதற்குக் கீழே கடலில் நீந்தப் போனவர் அங்கேயே இறந்தார், மேலே ஊர்க் கல்லறையில் மனைவியோடு, தானே வடிவமைத்த கல்லறையில் இருக்கிறார். 2016-இல் யுனெஸ்கோ சண்டிகரின் அரசுக் கட்டட வளாகத்தையும் இந்தக் குடிலையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. முன்பதிவு செய்தால்தான் உள்ளே பார்க்க முடியும், ரயில் நிலையத்தில் இறங்கிக் கடலோர நடைபாதையில் போக வேண்டும். நீங்கள் அங்கே நிற்கும்போது ஒரு போட்டோ அனுப்புங்கள்.

மான்தோன் அழகான, அமைதியான ஊர், எலுமிச்சை வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

சரி, பணம். கட்டணம் காருக்குத்தான், தலைக்கு இல்லை. எட்டு மணி நேரத்துக்கு நாங்கள் கொடுத்தது 700 யூரோவுக்குக் கொஞ்சம் மேல், ஐந்து பேர் பகிர்ந்தாலும் சின்னத் தொகை இல்லை என்று தெரியும். மொனாக்கோவை மட்டும் பார்ப்பதாக இருந்தால் கார் வேண்டவே வேண்டாம், கடலோர ரயில் அரை மணிக்குள் சில யூரோவில் கொண்டுபோய்விடும். மேலே இருக்கும் இரண்டு சாலைகளுக்கும், நினைத்த இடத்தில் நிற்பதற்கும்தான் இந்தச் செலவு. அதனால் பதிவு செய்யும்போதே, கடைகளுக்குக் கூட்டிப்போக வேண்டாம், நிற்கும் இடங்களைக் குறைத்து ஒவ்வொன்றிலும் நேரம் கூடக் கொடுங்கள் என்று எழுதிவிடுங்கள். ஒரே நாளில் கான் நகரத்தையும் சேர்த்துக் காட்டுகிறேன் என்பவரிடம் வேண்டாம், அது எதிர்த்திசை, பாதி நாள் நெடுஞ்சாலையில் போய்விடும். ஊர்க்காரர்தான் ஓட்டுவாரா, நன்றாக ஆங்கிலம் பேசுவாரா என்றும் கேளுங்கள். அருங்காட்சியகத்துக்குள் வந்து விளக்க அங்கே தனி உரிமம் வேண்டும், எங்கள் வழிகாட்டி வாசலில் விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மற்ற ஆறு நாளும் நீங்களே ஓட்டுங்கள். வடமேற்கே வெர்தோன் பள்ளத்தாக்குச் சாலை இருக்கிறது, கொல்லிமலை ஓட்டிய கைக்கு அது பிடிக்கும்.

வலப்பக்க ஜன்னல் அத்தானுக்கு என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். திரும்பும்போது கடல் இடப்பக்கம் வரும், அந்த ஜன்னலைச் சின்னவன் இப்போதே தனக்கென்று கேட்டு வைத்துவிட்டான்.

அன்புடன்,
உங்கள் மச்சினி